டேங்கில் இருந்த துரு

லக்கல
2024 ஜூன் 3

அன்புள்ள ரொஹானுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். போனில் பேசினால் புருஷன் பெண்சாதிக்குள் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மாற்றலாகி வந்து எட்டு மாதம். “அந்தக் காட்டுக்கு நான் வரமாட்டேன், ஒரே மாசத்துல நீயே திரும்பி வருவ” என்றீர்கள். ஆனாலும் உங்கள் பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டீர்கள். இப்போது அது ஏற்றத்தில் இருமி இருமி நிற்கிறது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். இரண்டு நாள்தான் ஓடியது. இங்கே கராஜ் இல்லை. வண்டி இல்லாமல், வீடு வீடாகப் போகும் என் மருத்துவிச்சி வேலை நடக்காது. மாத்தளையில் எல்லாருடைய வண்டியையும் திருத்துகிறீர்கள், எனக்கும் வழி சொல்லுங்கள்.

பிரின்ஸி

மாத்தளை
ஜூன் 9

அன்பு பிரின்ஸி,

கடிதத்தைக் கராஜில் வைத்தே மூன்று தடவை வாசித்தேன்.

கோளாறு பிளக்கில் இல்லை. பெற்றோல் குழாயை மூடிவிட்டு, காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்று. செம்மண் மாதிரி இருந்தால் துரு. உள்ளே பெற்றோல் போகும் சின்னப் பித்தளை ஜெட்டை ஊது. ஓட்டையில் வெளிச்சம் தெரிய வேண்டும். கம்பியால் குத்தாதே. பிறகு டேங்கைக் கழற்றி, பெற்றோலை வடித்துவிட்டு, ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரியை ஊற்றி ஒரு நாள் வை. நன்றாகக் கழுவி வெயிலில் காயவை. அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே.

இன்னொன்று. டேங்கில் துரு இருப்பது கொடுக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டேன். வண்டி நின்றால் நீ திரும்பி வந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து நானே செய்து தரட்டுமா?

ரொஹான்

லக்கல
ஜூன் 17

ரொஹானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, அதை மருந்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அன்று எல்லா வீட்டுக்கும் நடந்தே போனேன்.

போன மாதம் வண்டி நின்ற இடத்தில், நாற்பதடி முன்னால் யானை நின்றது. “அசையாதீங்க மிஸ்ஸி, அது போயிரும்” என்று, காட்டை வெட்டிப் பயிரிட்ட சேனையில் காவல் இருந்த நல்லையா மெதுவாகச் சொன்னார். முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். நீங்கள் பயப்படுவீர்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை.

வராதீர்கள். நானே செய்துகொள்கிறேன்.

பிரின்ஸி

மாத்தளை
ஜூன் 24

பிரின்ஸி,

யானை என்று எழுதிய இடத்துக்குமேல் வாசிக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது. நான் செய்தது தப்பு.

பெற்றோல் பில்டரும் கிண்ணத்துக்கான ரப்பர் வாஷரும் அனுப்பியிருக்கிறேன். பில்டரில் உள்ள அம்புக்குறி காபரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். நீ கூப்பிடாமல் வரமாட்டேன்.

ரொஹான்

லக்கல
ஜூலை 8

அன்புள்ள ரொஹானுக்கு,

பார்சல் கிடைத்தது. டேங்கிலிருந்து தேநீர்ச் சாயம் மாதிரித் தண்ணீர் வந்தது. ஆறு தடவை கழுவினேன். முதலில் பூட்டியபோது கிண்ணம் ஒழுகியது. கழற்றிப் பார்த்தால் வாஷர் மடிந்திருந்தது. மறுபடியும் பூட்டினேன். இந்தக் கிழமை ஏழு நாளும் எல்லா ஏற்றமும் நிற்காமல் ஏறிவிட்டேன்.

கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. அதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

என்னைக் கூட்டிப்போக வரவேண்டாம். நான் மாற்றல் கேட்கப்போவதில்லை. நான் போய்வரும் பாதையைப் பார்க்க வருவதென்றால், சனிக்கிழமை காலை பஸ்ஸில் வாருங்கள். சந்தியில் நிற்பேன். வண்டியை நான் ஓட்டுவேன். நீங்கள் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள்.

உங்கள்
பிரின்ஸி