நிழலழைப்பை எடுத்துப் போனவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அதை என் கையால் தொட்டேன்!

நூலகம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. அடுக்கிக் கட்ட ஆள் வேண்டும் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சருக்கு ஒழுங்காக அடுக்குவதைத் தவிர வேறென்ன வேலை? போனேன். பின்னறை இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், கிழிந்த அட்லஸ்களுக்கு அடியில் கிடந்தது. 'நிழலழைப்பு'. கறுப்பு அட்டை, முதுகில் சிவப்புத் துணி, செங்கல் கனம்.

இந்த ஊரில் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'கறுப்பு அட்டை' என்பார்கள். செத்தவர்களைக் கூப்பிடும் மந்திரப் புத்தகமாம், எடுத்துப் போனவர்கள் உருப்பட்டதில்லையாம். தையற்காரரின் கடை எரிந்தது, பாட்டு டீச்சரின் குரல் போனது, என் அத்தான் நாற்பத்தொரு வயதில் பேருந்துக்கு நின்ற இடத்திலேயே சாய்ந்தது, எல்லாம் இதன் தலையில்தான்.

"டீச்சர், கீழ வைங்க அதை!" என்று நூலகர் ஓடி வந்தாள். "பெட்டி தூக்கறவங்க தொடவே மாட்டேன்னுட்டாங்க. இருபதாம் தேதி பழைய பேப்பரோட அரைக்கப் போயிடும்."

"நீ படிச்சுப் பார்த்தியா?"

"நானா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல டீச்சர்!"

புரட்டினேன். நாற்பத்தேழாம் பக்கத்தில் பெரிய வட்டமாக ஓர் ஈரக்கறை. எவரோ பாத்திரத்தை வைத்திருக்கிறார்கள். என் வகுப்பாக இருந்தால் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன்.

கடைசி அட்டையில் தவணைச் சீட்டு. பதினொரு தேதி முத்திரைகள், பக்கத்தில் உறுப்பினர் எண்கள்.

பதினொன்று! ஊர் சொல்வது மூன்று கதைதானே? மிச்சம் எட்டுப் பேர் எங்கே?

மார்ச் 4, புதன்

காலையில் அக்கா மகள் தொலைபேசியில். இருபத்தெட்டாம் தேதி வாக்கில் பிரசவம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். "சித்தி, அம்மாவை எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

அக்கா கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "நான் தள்ளி இருந்தாத்தான் அந்தக் குழந்தைக்கு நல்லது. நீ போய்ட்டு வா."

எனக்குக் காரணம் தெரியும். மகளுக்குத் தெரியாது. அக்கா நான்கு மாத கர்ப்பமாக இருந்தபோது அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தாள், அத்தான் போனார். தன் கையில் ஏதோ ஒட்டிக்கொண்டது என்று அன்று நம்பியவள்தான். பெற்ற மகளைக்கூடப் பால் கொடுக்க மட்டும் வாங்குவாள், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. குளிப்பாட்டியது, தோளில் போட்டுத் தட்டியது, தூங்க வைத்தது எல்லாம் நான். முப்பத்து நான்கு வருடமாக இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சரி, கணக்காகவே பார்ப்போம். ஒரு வகுப்பில் மூன்று பேர் ஃபெயில் என்றால் அது ஒரு செய்தியே இல்லை. மொத்தம் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள்? அதைச் சொல். எட்டுப் பேர் சௌக்கியமாக இருந்தால் அக்காவின் முன்னால் கொண்டுபோய் வைப்பேன்.

மார்ச் 6, வெள்ளி

நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய உறுப்பினர் பதிவேடு கிடைத்தது! தும்மித் தும்மிக் கண் சிவந்துவிட்டது. எண்ணுக்கு ஆள், ஆளுக்கு முகவரி. தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அக்காவின் எண் வந்ததும் மளமளவென்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அக்காவைத் தவிர்த்துப் பத்துப் பேர். மூவர் இப்போது உயிருடன் இல்லை. மூவருக்கும் எண்பதுக்கு மேல், அதையும் புத்தகம்தான் செய்தது என்றால் நானும் எடுத்துப் போகத் தயார். மீதி ஏழு.

பள்ளி ஆய்வுக்கு வருகிறவர்கள் மாதிரி பையும் நோட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறேன். அறுபத்தாறு வயதில் இத்தனை குஷி ஆகாது.

மார்ச் 10, செவ்வாய்

நான்கு பேரைப் பார்த்தாயிற்று. எல்லோரிடமும் ஒரே கேள்வி: உங்களுக்குப் பெரிய கஷ்டம் ஏதாவது வந்ததா?

பாட்டு டீச்சருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போயிருக்கிறான். ஒரு தபால்காரர், ஓர் அச்சகக்காரர், இரண்டு வீட்டிலும் சாவு.

நாலுக்கு நாலு. பரவாயில்லை, இன்னும் மூன்று பேர் இருக்கிறார்களே.

மார்ச் 13, வெள்ளி

மருந்துக்கடைக்காரரின் மனைவி தவறியிருக்கிறாள். லாரி ஓட்டியவருக்குக் கால் போயிருக்கிறது.

ஆறுக்கு ஆறு. நான் ஏன் இதைத் தொடங்கினேன்? அப்படியெல்லாம் இருக்குமா — இருக்காது. இருந்தால்? அக்கா சாப்பாட்டு மேசையில், "ஏன்டி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள். சிரிக்கக்கூட வரவில்லை.

மார்ச் 14, சனி

மூச்சு வாங்குகிறது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

போவதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியாகத் தையற்காரரிடம் போனேன். மூக்குக்கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்தார். "கறுப்பு அட்டையா? எடுத்தேனே. கடை எரிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். நெருப்பு வச்சது யாருன்னு அதுல பார்க்கலாம்னு ஒருத்தன் சொன்னான்."

"எரிஞ்ச பிறகா எடுத்தீங்க?"

"பின்ன? கடை நல்லா ஓடறப்போ எவனாவது அதைப் படிச்சுட்டு உக்காந்திருப்பானா? எனக்குப் பொத்தான் தைக்கவே நேரம் பத்தாது டீச்சர்!"

நான் சிரித்த சிரிப்பில் அவர் ஊசியைக் கீழே போட்டுவிட்டார்.

எப்போது என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை! முப்பத்தாறு வருடம் கேள்வித்தாள் தயாரித்தவள், கேள்வியையே தப்பாகப் போட்டிருக்கிறேன். தெருவில் குடை பிடித்து வருகிறவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தேன், எல்லோரும் நனைந்திருந்தார்கள், ஆகவே குடைதான் நனைக்கிறது என்று எழுதப் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆறு பேருக்கும் தொலைபேசி. பாட்டு டீச்சர்: குரல் போன பிறகு. கடிகாரக்காரர்: மகன் எங்கே என்று பார்க்க. தபால்காரர், அச்சகக்காரர், மருந்துக்கடைக்காரர்: பிறகு, பிறகு, பிறகு. லாரிக்காரர் ஒருவர்தான் முதலில் படித்தவர். எட்டு வருடம் கழித்துக் கால் போனது. "அதுக்கும் புத்தகத்துக்கும் என்னங்க? நான் குடிச்சுட்டு ஓட்டினேன்" என்றார்.

அப்புறம்தான் அந்தத் தாளை எடுத்தேன். அக்காவின் முத்திரை: அக்டோபர் 2. அது திருப்பித் தர வேண்டிய தேதி. நூலகத் தவணை பதினான்கு நாள், கழித்தால் எடுத்தது செப்டம்பர் 18.

அத்தான் போனது அதே வருடம் ஆகஸ்ட் 11.

மூன்று தரம் கழித்துப் பார்த்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இத்தனை வருடம் அவள் சுமந்ததை, "அக்கா, விடை தப்பு" என்றா?

மார்ச் 16, திங்கள்

நூலகர் முறைப்படி முத்திரை குத்தித்தான் கொடுத்தாள். பன்னிரண்டாவது எண் என்னுடையது. தவணை மார்ச் 30. "வெளியே போன புத்தகத்தை அரைக்க முடியாது டீச்சர், தப்பிச்சுது" என்று கண்ணடித்தாள். முட்டைக்கோஸுக்கு அடியில் வைத்துக் கொண்டு வந்தேன்.

மத்தியானம் சமையலறை மேசையில் எடுத்து வைத்தேன். அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"வெளிய கொண்டு போ."

"போறேன். தேதியை மட்டும் பாரு."

பார்த்தாள். "தப்பா குத்தியிருப்பாங்க."

"மேல இருக்கிறதையும் கீழ இருக்கிறதையும் பாரு. வரிசை சரியாத்தான் இருக்கு அக்கா."

குழாய் சொட்டுவது கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பதில் தெரிந்த பிள்ளைக்கு அவகாசம் தர வேண்டும்.

அவளே புத்தகத்தை இழுத்தாள். தேடவில்லை, நேராக நாற்பத்தேழாம் பக்கம். அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"கிண்ணத்துல தண்ணி வச்சு, அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு, மூணு தடவை பேர் சொல்லணும்னு போட்டிருந்துச்சு. நீ பள்ளிக்கூடம் போயிருந்த. கூப்பிட்டேன்டி. மூணு தடவை இல்ல, இருட்டற வரைக்கும் கூப்பிட்டேன்."

எழுந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வரல. கூப்பிட்டும் வராத மனுஷன் சும்மாவே போய்ட்டார்னு நினைக்க முடியல. நான் ஏதோ செஞ்சுதான் போனார்னு நினைச்சா... அதுல ஒரு காரணமாவது இருந்துச்சு."

அவளை அணைத்துக்கொண்டேன். உதாரணம் எதுவும் என்னிடம் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

விடிந்ததும் அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கிக் கேட்கிறாள்: "ரயில் எத்தனை மணிக்கு?" இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றேன். "அதுக்கென்ன, விசாரிச்சு வை."

மார்ச் 26, வியாழன்

வந்து சேர்ந்தோம். இரண்டு மணி நேரப் பயணத்தில் தன் கைகளை நாலு தரம் கழுவி வந்தாள். பழைய பயமா, வெறும் சுத்தமா?

மார்ச் 29, ஞாயிறு

பெண்! மூன்று கிலோ நூறு கிராம்! காலை ஆறு இருபது! தாயும் பிள்ளையும் நலம்!

நர்ஸ் துணியில் சுற்றி எடுத்து வந்து, "யாரு வாங்கிக்கறீங்க?" என்றாள். பழக்க தோஷம், என் கை நீண்டது. அக்கா கதவருகில் நின்றிருந்தாள். கையை மடக்கிக்கொண்டேன்.

மார்ச் 30, திங்கள்

இன்று புத்தகத்துக்குத் தவணை. நூலகரிடம் தொலைபேசியில் நீட்டிப்புக் கேட்டேன். "உங்களுக்கு என்ன ஆச்சு டீச்சர்?" என்று பதறினாள். பேத்தி ஆச்சு என்றேன். (இதையும் புத்தகத்தின் தலையில் கட்டக் கூடாது. குடையை மறக்காதே.)

மத்தியானம் அக்கா மகள் கட்டிலிலிருந்து புலம்பினாள்: "சித்தி, நீங்களாவது சொல்லுங்க. பால் குடிச்ச உடனே அம்மா பிடுங்கிட்டுப் போயிடறாங்க. என் பிள்ளை முகத்தையே நான் இன்னும் சரியாப் பார்க்கல!"

வராந்தாவுக்குப் போனேன். அக்கா ஜன்னல் ஓரம், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு எப்போது தருவாய் என்று கேட்டேன்.

"என் பிள்ளையை அப்ப முழுக்க நீதானே வச்சிருந்த?" என்றாள். "இப்ப கொஞ்சம் பொறு."