உள்வீட்டுக்கு அடித்த கருஞ்சாம்பல்

பரளச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் நாகஜோதி எழுதுவது. சுகமா என்று கேட்கப்போவதில்லை. முந்தாநாள் போனில் நீங்கள் போட்ட சத்தம், போன் இல்லாமலே நாக்பூரிலிருந்து கேட்டிருக்கும். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

உள்வீட்டுக்கு நான் இழவு வீட்டுக் கலர் அடித்துவிட்டேனாம், திரும்ப வெள்ளை அடிக்கிறவரை நீங்கள் வாசலை மிதிக்கமாட்டீர்களாம். நான் அனுப்பிய போட்டோவில் அது கறுப்பாகத்தான் தெரியும். அருப்புக்கோட்டை பெயிண்ட் கடையில் ஆறு வருஷமாகக் கலர் கலக்கிக் கொடுக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? அசல் கலரை ஓர் அட்டையில் தடவி இதோடு வைத்திருக்கிறேன். முதலில் கடிதத்தின் ஓரத்திலேயே தடவப் பார்த்தேன். கருமாதிக் கடிதமென்று பதறிவிடுவீர்களே என்று நிறுத்திக்கொண்டு, நாலு மூலைக்கும் மஞ்சள் வைத்துவிட்டேன்.

அட்டையை வெயிலில் பிடித்துப் பாருங்கள். உழுது போட்ட கரிசல் காய்ந்தால் இருக்குமே, அந்த நிறம். பக்கத்து வீட்டுக் காளீஸ்வரி மதினி சிரிக்கத்தான் வந்தார். போகும்போது கலர் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

இனி போனில் சொல்ல முடியாத விஷயம். நாம் பேசும்போதெல்லாம் அத்தை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது, நான் எதையும் உளறிவிடாமல் எனக்குக் காவல். வைகாசியில் நெற்றியில் கட்டோடு வீடியோவில் வந்து, ஆடு முட்டிவிட்டது என்றாரே, அது பொய். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதவு இருந்தது தெரியாமல் போய் இடித்துக்கொண்டார். மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கண் நரம்பு கெட்டுவிட்டதாம். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தில் காப்பாற்றப் பார்க்கலாம், எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். உங்களிடம் சொன்னால் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று அத்தை என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன், பாவம் என்னோடு போகட்டும்.

கதவையும் சுவிட்சுப் பெட்டியையும் வெள்ளையாகவே விட்டு, சுவருக்கு மட்டும் இந்தக் கலரை அடித்தேன். கூடுதலாக இரண்டு டியூப் லைட் போட்டேன். மறுநாள் காலையில் அத்தை யார் கையையும் பிடிக்காமல் அடுப்படிக்கு வந்து, பால் காய்ச்சிவிட்டு, சுவிட்சைத் தானே அணைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அழுதுகொண்டேதான் கடைக்குப் பஸ் ஏறினேன்.

நீங்கள் வரமாட்டேன் என்றதையும் அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போனை வைத்ததும் என்னிடம், "வெள்ளையே அடிச்சுருத்தா, அவன் வரட்டும். நான் தடவித் தடவி நடந்துக்கிருவேன்" என்றார்.

நான் அடிக்கமாட்டேன் மச்சான். நீங்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் அடிக்கமாட்டேன்.

முறுக்குக் கம்பெனியில் தீபாவளி வேலை முடிந்த கையோடு லீவு சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பொங்கல் வரைக்கும் தள்ளாதீர்கள். வரும்போது வெள்ளைச் சட்டை போட்டு வாருங்கள். உள்ளே வந்ததும் வாயைத் திறக்காமல் அந்தச் சுவரை ஒட்டி நில்லுங்கள். குரலை வைத்து இல்லாமல், அத்தை கண்ணாலேயே உங்களைக் கண்டுபிடிக்கட்டும்.

உங்கள் மேல் கோபம் துளியும் இல்லாத,
நாகஜோதி