சத்தம் போடாத பிள்ளை

உன்னுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமை. இன்று என் அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கும்போது ஒரு பண்டேஜ் துண்டு கையில் பட்டது. முடிச்சு இன்னும் அவிழவில்லை. நீ முடிச்சுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்து வெட்டியது. ஆஸ்பத்திரி லைசோல் மணம் போய்விட்டது, ஆனாலும் என் மூக்குக்கு அது வந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி. சிறுவர் வார்டில் நாம் இருவரும் தாதிகள். உப்புவெளியிலிருந்து நெருப்புக்காய்ச்சலோடு, அதுதான் டைபொயிட்டோடு, வந்த ஐந்து வயதுப் பையன் இரண்டு நாளாக வார்டைத் தலைகீழாக்கினான். சுவரில் நண்டு ஏறுகிறதென்று கத்தினான். சேலைன் ஊசியைப் பிடுங்கினான். நான் டொக்டரிடம் சொல்லி நித்திரை ஊசி போடுவித்தேன், கை இரண்டையும் கட்டில் சட்டத்தோடு கட்டினேன், பார்க்கும் நேரம் முடிந்ததும் தாயைக் கேற்றுக்கு வெளியே அனுப்பினேன். "பிள்ளை நானில்லாமல் நித்திரை கொள்ளாது, மிஸ்ஸி" என்று அவள் கெஞ்சினாள். சட்டம் சட்டம்தான் என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு!

மூன்றாம் நாள் அவன் அடங்கிவிட்டான். நீ வேலைக்கு வந்ததும் பெருமையாகச் சொன்னேன்: "அஞ்சாம் கட்டில் இப்ப நல்ல பிள்ளை. ஒரு கரைச்சலும் இல்லை." சத்தம் போடாத பிள்ளையை அப்படிச் சொல்வதுதானே எங்கள் வார்டு வழக்கம்.

நீ குனிந்து பார்த்தாய். கட்டுக்குள்ளேயே அவன் விரல்கள் வலையில் மீன் கழற்றுவதுபோல விரிப்பைக் கிள்ளிக்கொண்டிருந்தன. கூப்பிட்டாய், திரும்பவில்லை.

"இது நல்ல பிள்ளை இல்லையடி. கண் திறந்திருக்கு, ஆள் உள்ளுக்கு இல்லை."

"பேய்க்கதை கதையாதை" என்று சீறினேன்.

"காய்ச்சல் மூளைக்கு ஏறினால் சிலது கத்தும், சிலது அடங்கிப்போகும். அடங்கினதுக்குத்தான் பயப்பிட வேணும். காய்ச்சல் தானா வந்தது. ஊசி, கட்டு, கண்ணுக்கு மேல ஓயாமல் எரியிற லைற், தாய் பக்கத்தில இல்லாதது, இதெல்லாம் ஆர் குடுத்தது? நாங்கள்தானே குடுத்தனாங்கள்?"

"மேட்ரன் கண்டால் வேலை போகும்."

"போகட்டும்" என்றாய். கட்டை வெட்டினாய், தாயைக் கூட்டிவந்தாய்.

அவளைக் கண்டதும் அவன் வீறிட்டான். "இது என்ர அம்மா இல்லை!" அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நீ மட்டும், "கத்தட்டும், அது நல்லது. நீங்கள் இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டாய். டொக்டரோடு வாதாடி நித்திரை ஊசியை நிறுத்தினாய்.

இரண்டு நாள் அவள் அவன் காலைப் பிடித்தபடி வீட்டுக் கோழிகளின் கதை சொன்னாள். மூன்றாம் நாள் மத்தியானம், தகப்பன் வேலை செய்த துறைமுகத்தில் கப்பல் ஊதியது. "அம்மா, அப்பா வேலையால வந்திட்டாரோ?" என்று அவன் கேட்டான். நீ என் தோளில் இடித்தாய். "பார், உன்ர நல்ல பிள்ளை கெட்டுப்போச்சு!"

நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கட்டிலைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். ஏனென்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன், நீ லீவில் இருந்தபோது, அதே கட்டிலில் லிங்கநகர்ச் சிறுமி ஒருத்தி கிடந்தாள். அதே காய்ச்சல், அதே கத்தல், என்னுடைய அதே கட்டு. பிறகு அடங்கினாள். "நல்ல பிள்ளை" என்று நெற்றியைத் தடவிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மூச்சில்லை.

காய்ச்சலே கொண்டுபோயிருக்கலாம். இருக்கலாம். ஆனால் தாய் கேற்றடியில் என் கையைப் பிடித்துக் கேட்டாளே: "என்னைக் கேட்டவளோ, மிஸ்ஸி?"

"இல்லை, கரைச்சல் இல்லாமல் நித்திரையில போனவள்" என்றேன், ஆறுதலென்று நினைத்து.

கேட்டவளடி. ரெண்டு நாளும் கேட்டவள்.