தவணையில் வெட்டிய கண்ணாடி

மார்ச் 4, புதன்

இன்று ஐம்பத்தெட்டு சாம்பிள். நான்கு மருத்துவ நிலையங்களில் எடுத்த ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்து, பைக்கின் பின்னால் கட்டி, மதியத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் என் வேலை. நெடுஞ்சாலையில் வேக அளவுப் பலகை மூன்றாகத் தெரிந்தது. நடுவில் இருந்ததை நம்பி ஓட்டினேன்.

அறுபதைத் தாண்டினால் தலை ஆடுகிறது. யாரோ பின்னால் உட்கார்ந்து ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்குவது போல. பின்னால் பெட்டி மட்டும்தான் இருக்கிறது. ஒரு மாதமாக இப்படி. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 5

தலைவலி மாத்திரை இரண்டு. கழுத்துக்குத் தைலம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டாள்.

மார்ச் 7, சனி

கண் டாக்டரிடம் போனேன். அட்டையில் கடைசி வரி வரை வாசித்தேன். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்துக் காட்டினேன்.

“கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா.”

“அப்ப ரோடு ஏன் டாக்டர் ஆடுது?”

“ரோடே ஆடுதோ என்னவோ” என்றார். சிரிக்காமல் சொன்னார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கண் இல்லையென்றால் மூளைதானே? பயமாக இருக்கிறது. எழுதிவிட்டால் பயம் குறையும் என்கிறார்கள். எழுதிவிட்டேன். குறையவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

லேப் மேற்பார்வையாளர் எல்லோரையும் நிற்க வைத்து அறிவித்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்டேப்ளர். எதைக் கொடுத்தாலும் எதனுடனாவது சேர்த்துப் பின் அடித்துவிடுவார். 31ஆம் தேதி வண்டி ஓட்டுபவர்களுக்கு உடல் தகுதிப் பரிசோதனையாம். தலைசுற்றல், பார்வைக் கோளாறு உள்ளவர்கள் கவுன்ட்டர் வேலைக்கு மாற்றப்படுவார்களாம். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். தைலம் காட்டிக் கொடுத்திருக்கும்.

கவுன்ட்டர் எனக்குப் புதிதில்லை. கால் முறிந்தபோது இரண்டு மாதம் உட்கார்ந்தேன். ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்கு வெளியே வரிசையாக வாய்கள். எல்லா வாய்க்கும் ஒரே கேள்வி: “ரிப்போர்ட் வந்துடுச்சா?”

எனக்கு வண்டிதான் வேண்டும். ஒரு நாளில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத மூன்று மணி நேரம் அந்தச் சாலையில்தான் கிடைக்கிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. முடியாது. அவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

பிரேக் கட்டை மாற்றப் போன இடத்தில் மெக்கானிக்கிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் என் வயதுக்காரர். முகத்தில் எப்போதும் ஒரு சலிப்பு.

“எப்பலேர்ந்து ஆடுது?”

“ஒரு மாசமா.”

“வண்டி முன்னால இந்தக் காத்துத் தடுப்புக் கண்ணாடி எப்ப மாட்டினீங்க?”

“ஒரு மாசம் இருக்கும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். “அறுபதுல போறப்ப ஃபுட்ரெஸ்ட்ல கால ஊனி லேசா எந்திரிங்க. தலை கண்ணாடிக்கு மேல போகட்டும். அப்புறம் வந்து பேசுங்க.”

காலிச் சாலையில் செய்து பார்த்தேன். எழுந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. காற்று முகத்தில் நேராக, ஒரே சீராக வந்தது. பலகை ஒன்றானது. உட்கார்ந்தேன், மறுபடியும் மூன்று. எழுந்தேன், ஒன்று. நாலு கிலோமீட்டர் இப்படித் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டே போனேன்.

மூளை நன்றாக இருக்கிறது! திரும்பி வந்து மெக்கானிக்கிடம் அதையே இரண்டு முறை சொன்னேன்.

“காத்து கண்ணாடி நுனியில ஏறி, உருண்டு வந்து உங்க தலையில விழுது. கண்ணாடியைக் குறைச்சா நேரா போயிடும். வெட்டிடலாமா?”

“வெட்ட முடியாது. வீட்டுக்காரர் ஆசையா போட்டுக் குடுத்தது.”

“அப்ப கழுத்தைக் குறைச்சுக்கங்க” என்றார்.

மார்ச் 13

வீட்டுக்காரரைப் பற்றி எழுத வேண்டும். இவர் அலுமினிய ஜன்னல் போடுபவர். இருபது வருடமாகக் காற்றை வீட்டுக்கு வெளியே நிறுத்துவதுதான் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னல் இடுக்கில் விரலை வைத்துப் பார்ப்பார். பிறகுதான் நலம் விசாரிப்பார்.

ஜனவரியில் எனக்கு இருமல் வந்தது. நெஞ்சில் காற்று அடிப்பதால்தான் என்று இவரே முடிவு செய்தார். என்னைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, டேப்பை வைத்து மூக்கு வரை அளந்தார். தடித்த அக்ரிலிக் தகடு வாங்கி, சூட்டில் வளைத்து, சுற்றிலும் இடுக்கை அடைக்கும் ரப்பர் பீடிங் கொடுத்து, கல்யாண நாளன்று வண்டியின் முன்னால் மாட்டிவிட்டார். “ஒரு நூல் காத்து உள்ள வராது” என்று தட்டிக் காட்டினார். பதினேழு வருடத்தில் இவர் எனக்காகத் தன் கையால் செய்த முதல் பொருள். அதுதான் என் தலையை உலுக்குகிறது என்று எந்த வாயால் சொல்வது?

இன்று சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். “இன்னும் காத்து அடிக்குதுங்க.”

இவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பவே நெனச்சேன். இன்னும் நாலு இன்ச் ஏத்திடறேன்.”

மார்ச் 14

புது அக்ரிலிக் ஆர்டர் சொல்லிவிட்டாராம். மாத முடிவில் வரும்.

மார்ச் 17, செவ்வாய்

மெக்கானிக் நாலு விரல் ஒரேயடியாக எடுக்கலாம் என்றார். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இருப்பவர் கண்ணாலேயே அளப்பவர். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் தெரியாது என்பது என் கணக்கு.

மெக்கானிக் டேப் ஒட்டி, கோடு போட்டு, மெல்லிய பல் ரம்பத்தால் அறுத்தார். உப்புத்தாளை நனைத்து விளிம்பைத் தேய்த்தார். வெட்டிய துண்டைக் குப்பையில் போடப் போனார். வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இவர் கையால் செய்தது, குப்பையில் எப்படிப் போடுவது?

ஓட்டிப் பார்த்தேன். முன்பு காற்று நெற்றியில் அறைந்தது. இப்போது மூக்கில் அறைகிறது.

மார்ச் 19

இன்னொரு சென்டிமீட்டர். அறை கன்னத்துக்கு இறங்கியிருக்கிறது.

மார்ச் 21

மூன்றாவது. மெக்கானிக் கேட்டார்: “கண்ணாடியை வெட்டறோமா, முடி வெட்டறோமா?”

மார்ச் 22, ஞாயிறு

இவர் வண்டி கழுவினார். துணி கண்ணாடியின் மேல் விளிம்பில் போய் நின்றது. நான் துணி உலர்த்துவது போல நின்றுகொண்டிருந்தேன். ஒரே சட்டையை மூன்று முறை உதறினேன்.

“பின் டயர்ல காத்து கம்மி” என்றார்.

மார்ச் 23

நான்காவது. போதவில்லை. தாடையில் குத்துகிறது, கழுத்து இன்னும் ஆடுகிறது. பரிசோதனைக்கு எட்டு நாள்.

மார்ச் 24, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

லாரி ஒன்றைத் தாண்டும்போது தலை பக்கவாட்டில் வெட்டி இழுத்தது. ஒரு நொடிதான். கண்ணைத் திறந்தபோது நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். எதிரே கார். எப்படித் திரும்பினேன் என்று தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி, பெட்டியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தேன். அறுபத்திரண்டு பேரின் ரத்தம். ஒன்றும் சிந்தவில்லை. என்னடி பண்ணிட்டு இருக்கே நீ? ஒரு மனுஷன் மூஞ்சி வாடிடும்னு உசிரப் பணயம் வைப்பியா? அவங்க அறுபத்திரண்டு பேரு என்ன பாவம் பண்ணாங்க?

இன்றே சொல்லிவிடுவது என்று வீட்டுக்கு வந்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேற்று மாலை செயினை இறுக்க ஸ்பானர் தேடி சீட்டைத் திறந்திருக்கிறார். மேசை மேல் நான்கு துண்டுகளும் வரிசையாக இருந்தன. பக்கத்தில் டேப்.

“கோணலா வெட்டியிருக்கான்” என்றார் முதலில். தொழில்காரர் அல்லவா. “ரெண்டாவது துண்டு ஒரு பக்கம் மூணு மில்லி அதிகம்.”

பிறகு நான்கையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். “ஊர்ல பாதி வீட்டுக்கு ஜன்னல் போட்டவன் நான். என் பொண்டாட்டி நான் போட்டதைத் திருட்டுத்தனமா வெட்டறா.”

“திருட்டுத்தனமா இல்லப்பா. தவணையில” என்றாள் மகள். உள்ளே போகச் சொன்னோம், இரண்டு பேரும் ஒரே குரலில்.

“என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சொன்னேன். நாலு இன்ச் ஏத்தறேன்னீங்க.”

காரைப் பற்றிச் சொன்னேன். கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதிரே நானும். டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார்.

மார்ச் 25

இவருக்கு உப்பு வேண்டுமென்றாலும் மகள் வழியாகத்தான். ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். லேபுக்கு நாற்பது நிமிடம் தாமதம். ஸ்டேப்ளர் என் தாமதக் குறிப்பை என் கோப்புடன் சேர்த்துப் பின் அடித்தார்.

மார்ச் 27

மகளிடம் சொல்லி அனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் வண்டியில் வருவாராம்.

மார்ச் 29, ஞாயிறு

இவர் என் பின்னால் உட்கார்ந்தது இதுவே முதல் முறை. கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் மகளின் ரிப்பன். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. அறுபத்தைந்தில் ஓட்டச் சொன்னார். குச்சியை என் தோளுக்கு மேலே, காதுக்கருகே, ஹெல்மெட்டுக்கு முன்னால் என்று நீட்டிக்கொண்டே வந்தார். பக்கவாட்டுக் கண்ணாடியில் எனக்கும் தெரிந்தது. தலைக்கு மேலே தூக்கினால் ரிப்பன் ஒழுங்காகப் பின்னால் பறந்தது. முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தால் சுழன்று, என்னைத் தாண்டி *முன்னால்* பறந்தது.

முதுகில் இரண்டு தட்டு. நிறுத்தினேன்.

இறங்கி ரிப்பனையே பார்த்துக்கொண்டு நின்றார். “பின்னாடியிருந்து வருது.”

“ம்.”

“முன்னாடி அடைக்க அடைக்க, பின்னாடியிருந்து இழுத்துட்டு வருது. நான்தான் கொண்டுவந்து விட்டிருக்கேன்.” ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி என் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். ஜன்னல் இடுக்கில் வைக்கிற அதே விரல்கள். “ரெண்டு மாசமா இப்படியேவா ஓட்டினே?”

எனக்குக் கோபம் இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன், கோபம் பாதி போய்விட்டது.

மதியம் வாசலில் கண்ணாடியைக் கழற்றினார். ஒட்டு டேப்பை ஒட்டி, பென்சிலை எடுத்து, என்னிடம் நீட்டினார். “கோடு நீ போடு. உக்கார்றவ நீ.” வண்டியில் உட்கார்ந்து தோளைப் பார்த்து ஒன்பது சென்டிமீட்டர் கீழே போட்டேன். இவருக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் ரம்பத்தை எடுத்தார். கோணாமல் அறுத்தார். திரும்ப மாட்டும்போது பீடிங்கை உரித்துவிட்டு, திருகுகளில் வாஷர் அடுக்கி, கண்ணாடிக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டார். அடியிலும் கொஞ்சம் காற்று வந்தால் சுழல் குறையுமாம்.

“இடுக்கு விட்டேன்னு வெளிய சொல்லிடாத. தொழில் போயிடும்.”

எண்பது வரை போய்ப் பார்த்தேன். சத்தம் உண்டு. அறை இல்லை. தலை என் தலையாக இருந்தது.

மார்ச் 31, செவ்வாய்

படிவத்தில் கேள்வி: ‘கடந்த மூன்று மாதங்களில் தலைசுற்றல், பார்வைக் கலக்கம் இருந்ததா?’ இல்லை என்று போட்டிருக்கலாம். பேனாவை அங்கே கொண்டும் போனேன். ஆனால் எதிரே வந்த அந்த கார் ஞாபகம் வந்தது. ‘ஆம், 29ஆம் தேதி வரை’ என்று எழுதினேன்.

“29ஆம் தேதி என்ன ஆச்சு?” என்றார் டாக்டர்.

“கண்ணாடியை வெட்டினோம்.”

அவர் ஸ்டேப்ளரைப் பார்த்தார். ஸ்டேப்ளர் கூரையைப் பார்த்தார். பதினைந்து நாள் கண்காணிப்பு. அதுவரை கவுன்ட்டர்.

ஏப்ரல் 1

ரிப்போர்ட் வந்துடுச்சா. நூற்றெண்பத்தாறு முறை.

ஏப்ரல் 8

இருநூற்று நாலு. உண்மையைச் சொன்னதற்கு வருத்தப்படுகிறேனா? ஆமாம், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி வரை. அந்த நேரத்தில்தான் நான் சாலையில் இருப்பேன்.

ஏப்ரல் 11

மாத முடிவில் வர வேண்டிய அக்ரிலிக் இன்று வந்தது. இவர் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 15, புதன்

டாக்டர் என்னை நிற்க வைத்தார், சுற்ற வைத்தார், ஒற்றைக் காலில் நிறுத்தினார். கையெழுத்துப் போட்டார். ஸ்டேப்ளர் வழித்தட அட்டையைத் தனியாக, எதனுடனும் சேர்க்காமல் கொடுத்தார்.

ஏப்ரல் 16, வியாழன்

ஐம்பத்தைந்து சாம்பிள். பத்து நிமிடம் முன்னதாகவே சேர்த்துவிட்டேன். மூன்று மணி நேரம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர்தான் கேட்டார், “எப்படி இருந்துச்சு?”

“தலை ஆடல. நெஞ்சுலதான் காத்து நல்லா அடிக்குது.” சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

இவர் கை டேப் இருக்கிற சட்டைப்பை வரை போனது. அங்கேயே நின்றது.

“எதாவது பண்ணணுமா?”

“வேணாங்க.”

“சரி” என்று எனக்கும் தட்டு எடுத்து வைத்தார்.