தொட்டிலை விட்டுப் போனவள்

மார்ச் 6, திங்கள்

கோர்ட்டிலிருந்து தாள் வந்துவிட்டது. லுஜைனைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி முன்திர் வழக்குப் போட்டிருக்கிறான். விவாகரத்தாகி இரண்டு வருடமாக மகளை எட்டிப் பார்க்காதவன்! காரணம், நான் எழுதிய கதை. அதில் ஒருத்தி கைக்குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிலையம்வரை போகிறாள். பிள்ளை நினைப்பு வந்து திரும்பிவிடுகிறாள். 'நான்' என்று எழுதிவிட்டேன். அதனால் அது என் வாக்குமூலமாம். கற்பனைடா, மடையா!

மார்ச் 9, வியாழன்

அம்மா கத்தரிக்காய் வறுத்துக்கொண்டே திட்டித் தீர்த்தாள். "'அவள்'னு எழுதித் தொலைச்சிருந்தா என்னடி? இர்பித் ஊர் முழுக்க உன் பேச்சுத்தான்." பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, மெதுவாக, "நெஜத்தைச் சொல்லு. போனியா?" என்றாள்.

பெற்றவளே கேட்கிறாள். நீதிபதி கேட்க மாட்டாரா?

மார்ச் 13

லுஜைன் இன்றும் சாப்பிடவில்லை. யாரோ அவளிடம் வழக்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 16, வியாழன்

வக்கீல் இப்திசாமைப் பார்த்தேன். ஷரியா சட்டப்படி முன்திருக்கு இரண்டு ஆண் சாட்சிகள் வேண்டும். கிடைத்தது அவன் சித்தப்பா மகன் ஒருவன்தான். இன்னோர் ஆணுக்கு ஈடாக இரண்டு பெண்கள்: அவன் தங்கை சௌசன், அப்புறம் அவன் அம்மா.

அத்தையா? தொலைந்தேன். ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன், மகனை அவர் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. சௌசன்தான் கதையை வாசித்துக் காட்டினாளாம். "கேட்டுட்டு அந்தம்மா ஒரு வார்த்தை பேசலையாம். அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் இப்திசாம்.

மார்ச் 21

இங்கே இன்று அன்னையர் தினம். பள்ளியில் செய்த அட்டையை நீட்டியபடி லுஜைன் கேட்டாள்: "நான் அப்பா வீட்டுக்குப் போகணுமாம்மா?" இல்லடா கண்ணு என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

மார்ச் 22, புதன்

இன்று கோர்ட்டில் சாட்சி விசாரணை.

நான் அப்படிப்பட்டவள்தான் என்றான் சித்தப்பா மகன். சௌசனும் ஆமாம் போட்டாள். அடுத்து அத்தை. "இந்தக் கதையில் வருவது இவர்தானே?" என்று நீதிபதி கேட்டார்.

"இவ இல்லைங்க ஐயா."

முன்திர் துள்ளி எழுந்தான். "அம்மா! என்ன பேசற?"

"உக்காருடா." அத்தை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவளுக்கு எப்படித் தெரிஞ்சுதோ, நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. போனவ நான். தொட்டில்ல கெடந்தது இவன்."

சாட்சி ஒன்று குறைந்துபோனதால், கொஞ்ச நேரத்தில் முன்திரின் வக்கீல் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். லுஜைன் என்னோடுதான்! அழுதுகொண்டே வாசலுக்கு ஓடி அத்தையின் கையைப் பிடித்தேன். நன்றி சொல்ல வந்தவள், வாய் தவறி வேறு கேட்டுவிட்டேன்: "ஏன் அத்தை திரும்பி வந்தீங்க? பிள்ளை நினைப்பா?"

கையை விடுவித்துக்கொண்டார். "பஸ் வரலடி."

முன்திர் அவரை ஏற்றிக்கொள்ளாமலே காரை எடுத்துப் போய்விட்டான். என்னோடு வாருங்கள் என்று சொல்லியும் கேட்காமல் நடந்து போனார். மத்தியானத்திலிருந்து அத்தை வீட்டுக்குப் போன் போடுகிறேன். யாரும் எடுக்கவில்லை.