நொண்டினாதான் சுத்தும்

அன்புள்ள அம்மா,

உன் முட்டிவலி எப்படி இருக்கு? அப்பா மாத்திரை போடறாரா? நான் நல்லாத்தான் இருக்கேன். படிச்சதும் போன் போட்டுக் கத்தாதே.

நான் பழக்கற குட்டி நாய் வாலு, தடை தாண்டற போட்டிக்குத் தயாராகுது. "சுத்து"ன்னு சொன்னா கூம்போ டிரம்மோ, எதை வச்சாலும் சுத்தி வரணும். நேத்து இங்க எங்களுக்கு நாய் பழக்கக் கத்துக்குடுக்கற மாஸ்டர் முன்னாடி செஞ்சு காட்ட வேண்டியிருந்துச்சு, இல்லேன்னா எனக்கு வேலை இல்ல.

"சுத்து"ன்னேன். வாலு என்னையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. மறுபடி சொன்னேன், அசையல. மாஸ்டர் வாட்சைப் பார்த்தார். பதட்டத்துல ஒரு அடி வச்சேன், கால் சுருக்குன்னு வலிச்சு நொண்டிட்டேன். உடனே வாலு ஓடிப்போய் கூம்பைச் சுத்திட்டு வந்துச்சு.

மூணு வாரம் முன்னாடி ஈரத்துல வழுக்கி கணுக்கால் சுளுக்கிடுச்சும்மா. சின்னதுதான். நொண்டிக்கிட்டேதான் பழக்கினேன். மாஸ்டர் கண்டுபிடிச்சுடுவாரோன்னு நேத்து மட்டும் இறுக்கிக் கட்டிக்கிட்டு நேரா நின்னேன். வாலு என் பேச்சைக் கேட்டே பழகல, காலைப் பார்த்துத்தான் பழகியிருக்கு.

"நாய்க்கு வாத்தியார் நீ இல்லடா, உன் காலுதான்"னார் மாஸ்டர். பத்து நாள் டைம் குடுத்திருக்கார். அதுக்குள்ள நேரா நின்னு, சொல்லைக் கேட்டுச் சுத்த வைக்கணும்.

உன் முட்டிக்குத் தடவற தைலம் ஒரு பாட்டில் அனுப்பு. ரெண்டு வரி எழுதியும் வை, திட்டி எழுதினாலும் சரி. மூணு வாரமா நான் நொண்டறதை இங்க கவனிச்சது வாலு ஒண்ணுதான்.

விசில் ஊதிட்டாங்க, ஓடறேன். மெதுவாத்தான்.

உன் பையன்