எழுத்தின் மேல் எழுத்து

ஜூன் 9, திங்கள்

துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் விட்ட புகையில், கொடியில் போட்ட சட்டையெல்லாம் மறுபடி கறுத்துவிட்டது. அலசிப் போட்டேன்.

அத்தான் கயிற்றுக் கடைக்குப் போனபிறகு, அவர் சேர்க்கும் பழைய செப்புக் காசுகளை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். வாங்குவது அவர். நாணயக் குழுவில் போய்ப் பேசுவதும் அவர். துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்ப்பது நான். கல்யாணமாகி நாசரேத்திலிருந்து ராயபுரம் வந்த புதிதில் பொழுது போகாமல் தொடங்கியது. இப்போது பொழுதே இதற்குத்தான்.

இன்று ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக் காசில், INDIA என்பதில் D மட்டும் தடிப்பாக இருந்தது. உற்றுப் பார்த்தேன். D-க்கு அடியில் ஒரு O!

அந்தக் காலத்தில் காசு அடிக்கும் இரும்பு அச்சில் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் தட்டி இறக்குவார்கள். தப்பான எழுத்து விழுந்துவிட்டால் அதன் மேலேயே சரியானதைத் தட்டிவிடுவார்கள். அழிந்ததுபோல் இருக்கும், அழியாது. அந்த அச்சில் வந்த காசில் எல்லாம் பழைய எழுத்து எட்டிப் பார்க்கும். இப்படி ஒன்று என் கையில் கிடைக்காதா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன். இதுதானா?

ஜூன் 10

காட்டினேன். போனிலிருந்து தலையை எடுக்காமல், "தேஞ்சு போயிருக்கும், வையி" என்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, லென்ஸை வாங்கினார். காசைக் கண்ணருகே பிடித்தார்.

"யார்ட்டயும் மூச்சு விடாத சுகி."

ஜூன் 14, சனி

பெரம்பூரில் குழுக் கூட்டம். மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தார். காசை யார் கையிலும் கொடுக்கவில்லையாம், போனில் எடுத்த படத்தை மட்டும் காட்டினாராம். ஆண்டு மலரில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

"யாரு கண்டுபிடிச்சான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"கை கழுவிட்டு வாரேன், சோத்தப் போடு."

போட்டேன்.

ஜூன் 23

தப்பு. நான் பார்த்தது தப்பு.

இன்று ஜன்னல் ஓரத்தில் வெயில் சாய்வாக விழுந்தது. காசை அதில் திருப்பினேன். D மட்டும் இல்லை. I-க்கும் A-க்கும்கூட வலப்பக்கம் மெல்லிய நிழல் இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு. அச்சில் எழுத்து மாறவில்லை. காசு நழுவி இரண்டாம் முறை அடி வாங்கியிருக்கிறது. O என்று நான் நினைத்தது D-யின் நிழல்தான்.

கடைக்கே போய்ச் சொன்னேன்.

"கட்டுரை போயாச்சுட்டி."

"இன்னும் அச்சடிக்கலல்லா? ஒரு போன் போட்டுச் சொல்லிருங்கத்தான். நாளைக்கு யாராச்சும் கையில வாங்கிப் பாத்தா அசிங்கமாப் போயிரும்."

"அன்னைக்கு இருக்குன்ன. இன்னைக்கு இல்லங்குற. ஒனக்கு என்ன தெரியும்?"

அன்றைக்கு நான் பார்த்தது அவருடையதாகிவிட்டது. இன்றைக்கு நான் பார்த்ததற்கு மட்டும் மதிப்பில்லை.

ஜூலை 12

மலர் வந்துவிட்டது. அவர் படம் பெரிதாக, காசின் படம் சிறிதாக. 'அழிந்ததுபோல் இருக்கும், அழியாது' — சாப்பிடும்போது நான் சொன்னது, அப்படியே இருக்கிறது. கடைசி வரியில் நன்றி. என் துணைவியாரின் பொறுமைக்கு.

பொறுமைக்கு!

ஆகஸ்ட் 9, சனி



குழுவின் கண்காட்சி. என்னையும் அழைத்துப் போனார். கோதண்டம் என்று ஒருவர், ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் காசில் சந்தேகம் வந்தாலும் குழுவில் அவரைத்தான் கேட்பார்கள். எல்லாரும் பார்க்கக் கையை நீட்டிக் கேட்டுவிட்டார். இன்று அத்தானால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தார் கோதண்டம்.

"இன்னா சார், D மட்டும்னு எழுதிக்கீறீங்க? இந்த I-யப் பாருங்க, அந்த A-யப் பாருங்க. அல்லாமே ஒரே பக்கமா நவுந்துகினு கீது. காசு ரெண்டு தபா அடி வாங்கிக்கீது, அவ்ளோதான்."

யாரோ சிரித்தார்கள். அத்தான் முகம் செத்துப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது. அந்தப் பாவம் ஒரு நிமிஷம்தான்.

"நான் எங்க சார் பாத்தேன்? எல்லாம் இவ சொன்னது. பொம்பள பேச்சக் கேட்டு எழுதிட்டேன்."

எல்லாக் கண்ணும் என் மேல். கோதண்டத்துக்கே சங்கடமாகிவிட்டது. "மேடம், நீங்களா பாத்தீங்கோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

அத்தான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறந்தேன்.

"ஆமா" என்றேன்.

ஏன் சொன்னேன்? ஏன்? பாவி மனுஷா, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே தலபாடா அடிச்சுக்கிட்டேனே. கடை வாசல்ல நின்னு கெஞ்சினேனே. இத்தன வருஷத்துல, நாலு பேர் முன்னால என்னக் காட்டி 'இவ பாத்தது'ன்னு நீ சொன்னது இன்னைக்குத்தானய்யா.

ஆகஸ்ட் 10

கோயிலில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஜெபம் காதில் ஏறவில்லை. மகள் பெனிஷா ஓசூரிலிருந்து பேசினாள். நடந்ததைச் சொன்னேன்.

"நீ முன்னாடியே சொன்னத ஏம்மா அங்க சொல்லல?"

"அப்பாவுக்கு மானம் போயிருக்கும்லா."

"உனக்கு?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 2

குழுவின் சுற்றிதழில் திருத்தம் போட்டிருக்கிறார்கள். 'திருமதி சுகிர்தம் சாலமோன் அவர்கள் தவறாகக் கண்டறிந்ததன் அடிப்படையில்…'

என் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. எழுத்துப் பிழை இல்லாமல் போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 10

திருவொற்றியூர்ப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பை செப்புக் காசு கொண்டுவந்தார். ஒன்றும் நடக்காததுபோல் மேசையில் கொட்டினார்.

"இதுல எதும் கெடக்கா பாரு."

பார்த்தேன். பாதிக்கு மேல் தேய்ந்தவை. ஒன்றில் COMPANY என்பது தெளிவாக இருந்தது. N-க்கு வலப்பக்கம் ஒரு கால் அதிகம். சாய்த்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் A சுத்தம், இந்தப் பக்கம் Y சுத்தம். ஜன்னலுக்குக் கொண்டுபோய், இந்தத் தடவை எல்லா எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. M-ஐத் தட்டிவிட்டு, அதன் மேல் N-ஐத் தட்டியிருக்கிறான்.

நெஞ்சு அடித்துக்கொண்டது அவருக்குக் கேட்டிருக்குமோ?

"என்ன, எதும் இருக்கா?"

"எனக்கு என்னத்தான் தெரியும்" என்று குவியலில் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

பை முழுவதையும் கூட்டத்தில் மாற்றிவிட்டு வந்தார். பதிலுக்குப் பளபளவென்று இரண்டு வெள்ளிக் காசு. இரண்டும் எங்கும் கிடைப்பவை. உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நல்லாயிருக்கு என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

பை யாரிடம் போனது என்று மட்டும் கேட்டேன். வெளியூர்க்காரராம். பெயர் கேட்டுக்கொள்ளவில்லையாம்.